நானூறு புள்ளித் தெய்வங்கள்

சில வாரங்களுக்கு முன் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் பேச்சு எப்படியோ மேசை ஆட்டங்களின் பக்கம் திரும்பியது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருவர் உலகத்தைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டி முடிவு காண்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் அச்சேறிய ஆட்டமும் அதன் வாரிசுகளும் இந்த வகை. இந்த உலகங்களுக்கு மதங்களையும் கற்பனையாகச் செய்கிறார்கள், அதில் நாம் கவனிக்க வேண்டிய பிரச்னை ஒன்று இருக்கிறது என்றேன்.

விமர்சக நண்பர் ஒருவர் சிரித்தார். "பொம்மைச் சாமிக்குப் பூசை விதி எழுதுகிறவர்களைப் பற்றியா பத்திரிகையில் எழுதப்போகிறீர்கள்?" ஆட்டத்தில் பழக்கமுள்ள இளைஞர் ஒருவர் என்னை ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டு, "இப்போது ரொம்ப விரிவாகச் செய்கிறார்கள் ஸார். ஒரு உலகத்துக்கு அறுபது தெய்வம். ஒவ்வொன்றுக்கும் சின்னம், ஆயுதம், நிறம் எல்லாம் உண்டு" என்றார். இந்தக் கட்டுரை இருவருக்குமான பதில். ஒருவர் ஏளனம் செய்கிறார், மற்றவர் பெருமைப்படுகிறார், ஆனால் மதம் என்பது தெய்வங்களின் பட்டியல் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. இந்த எண்ணம்தான் இத்தகைய மதங்களில் பெரும்பாலானவற்றை உயிரில்லாமல் அடித்திருக்கிறது.

பட்டியல் எப்படி வந்தது என்று பார்க்கலாம். முதல் ஆட்டத்திலேயே 'கிளெரிக்' என்றொரு பாத்திர வகை உண்டு. பூசாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவன் பிறந்த கதை சுவாரஸ்யமானது. டேவ் ஆர்னசன் நடத்திய ஆட்டத்தில் ரத்தம் குடிக்கும் பேயாக ஆடிய ஒருவரை யாராலும் அடக்க முடியவில்லை. அவரை எதிர்கொள்ள, பழைய திகில் படங்களில் வரும் பேய் வேட்டைக்காரனின் சாயலில் ஒரு பாத்திரம் உருவாக்கப்பட்டது. அவன் கூரிய ஆயுதம் ஏந்தக்கூடாது, காயம் ஆற்றுவான், பேய்களை விரட்டுவான். எந்தத் தெய்வத்துக்குப் பூசாரி? 1974-இன் விதிகள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு தெய்வத்தைத் தேர்ந்துகொள்ளச் சொல்லவும் இல்லை. பூசாரி முதலில் வந்துவிட்டான், தெய்வத்தைப் பிறகு தேட வேண்டியிருந்தது.

தேடியவர்கள் கலைக்களஞ்சியத்தை எடுத்தார்கள். 1976-இல் ஒரு துணைநூலும், 1980-இல் அதன் விரிவான வடிவமான 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற கனத்த புத்தகமும் வந்தன. கிரேக்கம், எகிப்து, வடபுலம், சீனம், இந்தியா என்று வரிசை போகிறது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் கவசத்தின் தரம் எவ்வளவு, ஒரு அடியில் எவ்வளவு சேதம் செய்யும், அதை வீழ்த்த எத்தனை புள்ளி சேதம் வேண்டும் என்று எண்கள். ஸீயஸுக்கு 400 உயிர்ப்புள்ளிகள். 1976 நூலின் முன்னுரையில் பதிப்பாசிரியர், அளவுமீறிப் பலம் சேர்த்துக்கொண்ட ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் நிலையின் அபத்தம் உறைக்கட்டும் என்பதும் தெய்வங்களின் பலத்தை அச்சிடுவதில் ஒரு நோக்கம் என்ற பொருள்பட எழுதியிருந்தார். என்ன நடக்கும் என்பதை யூகிப்பது கஷ்டமில்லை. எண் இருந்தால் அதைக் கழிக்கலாம். 400 புள்ளி என்றால் 400 புள்ளி சேதம் செய்தால் போதும். தெய்வங்களின் புத்தகம் பல மேசைகளில் வேட்டை மிருகங்களின் புத்தகமாயிற்று.

1980 புத்தகத்தில் இந்திரனும் அக்னியும் காளியும் விஷ்ணுவும் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நம் ஆட்களில் சிலர் முஷ்டியை உயர்த்துவார்கள். காளிக்கு உயிர்ப்புள்ளியா என்று மனம் புண்படும். புண்பட வேண்டிய இடம் அதுவல்ல. எண் போட்டதில் பெரிய குற்றமில்லை. அந்தப் பக்கங்களில் காளியைக் கும்பிடுகிற ஒரு ஆள்கூட இல்லை என்பதுதான் குற்றம். காளிக்கு எத்தனை கை என்பது இருக்கிறது. அவளுக்கு நேர்ந்துகொண்டவன் யார், எதற்காக நேர்ந்துகொண்டான், கடன் வாங்கி நேர்ச்சையைத் தீர்த்தானா, தீர்க்காமல் பயந்து கிடக்கிறானா என்பது இல்லை. ஒரு திருவிழாவைப் பக்கத்திலிருந்து பார்த்த எவருக்கும் தெரியும். அங்கே தகராறு சாமியின் கைகளின் எண்ணிக்கையைப் பற்றி வருவதில்லை. முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது, யார் வடத்தைத் தொடலாம் என்பதில் வருகிறது. அரிவாள் எடுப்பதும் அதற்காகத்தான்.

புதிதாக எதையும் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ராபர்ட்ஸன் ஸ்மித் 1889-இல் செமித்திய மதங்களைப் பற்றிய தன் சொற்பொழிவுகளில், பழைய மதங்களில் சடங்குதான் கட்டாயம், அதற்குச் சொல்லப்படும் கதை இடத்துக்கு இடம் மாறலாம், அதை நம்புவதும் கட்டாயமில்லை என்று வாதித்தார். அவருடைய பல முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் இந்த ஒரு பார்வை ஆட்ட உலகம் செய்கிறவனுக்கு அறுபது தெய்வங்களைவிட உபயோகமானது. அவன் கதையில் தொடங்கி, கதையிலேயே முடித்துவிடுகிறான். செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது, செய்யத் தவறியதற்கு அபராதம் என்ற பகுதிக்கு வருவதே இல்லை.

1980-களில் அமெரிக்காவில் கிறிஸ்தவ அமைப்புகள் சில, இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பிசாசு வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று கூச்சல் போட்டன. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசுகளைக் குறிக்கும் பொதுப் பெயர்கள் நீக்கப்பட்டு வேறு பெயர்கள் இடப்பட்டன. இந்தக் கலவரத்தின் வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்துக்குள் ஒரு மதம் இருப்பதாக உண்மையாக நம்பியவர்கள் அதை எதிர்த்தவர்கள் மட்டும்தான். அங்கே வழிபாடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பிசாசும் தெய்வமும் புள்ளிக்கணக்கில்தான் நின்றன.

டோல்கீனை நினைத்துப் பார்க்க வேண்டும். தீவிரக் கத்தோலிக்கரான அவர் தன் கற்பனை உலகத்தில் கோயிலையும் வழிபாட்டு முறையையும் ஏறக்குறைய வைக்கவே இல்லை. தெரிந்தேதான் அவற்றை விலக்கினேன், சமய உணர்வு கதைக்குள்ளேயே கரைந்திருக்கிறது என்று 1953-இல் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவரைப் பார்த்துப் படம் வரைந்தவர்கள், அவர் காலியாக விட்ட இடத்தைக் கவனமின்மை என்று எண்ணி, அதில் கோபுரங்களை நட்டார்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. அதே காலத்திலேயே இருந்தது. கிரெக் ஸ்டாஃபோர்ட் என்பவர் 1966-இல், கல்லூரி மாணவராக இருக்கும்போது, குளோராந்தா என்ற உலகத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1975-இல் அது ஒரு போர்ப் பலகை ஆட்டமாக வந்தது. 1978-இல் 'ரூன்க்வெஸ்ட்' என்ற பாத்திர ஆட்டம் அந்த உலகத்தைக் களமாகக் கொண்டது. 1979-இல் அவரும் ஸ்டீவ் பெரினும் எழுதிய 'கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்' வெளியாயிற்று. 1980-இன் தெய்வப் பட்டியலுக்கு ஒரு வருஷம் முந்தியது இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிருஷ்டிக்கும் தயாரிப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஸ்டாஃபோர்டின் புத்தகத்தில் முக்கியமானது தெய்வத்தைக் கும்பிடும் கூட்டம். அதில் சேர என்ன தகுதி, யாரைச் சேர்க்க மாட்டார்கள், சேர்ந்தபின் வருமானத்திலும் நேரத்திலும் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தக் கூட்டத்தோடு நட்பு, எதனோடு தீராத பகை என்று போகிறது. நோய் தீர்க்கும் தேவதையைச் சேர்ந்தவர்கள் உயிர்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். வாளெடுத்தவர்களுக்கு நடுவில் நின்று அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும். மரணத்தின் தெய்வமான ஹூமாக்டிடம் வரம் வாங்குகிறவன் ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விலக்கை ஏற்க வேண்டும். செத்தால் அவனை மீட்டு எழுப்ப முடியாது. மற்றப் பாத்திரங்களுக்கு இருக்கும் அந்த வசதியை அவன் தன் தெய்வத்துக்காக விட்டுவிட்டவன். தெய்வத்திடமிருந்து மந்திர சக்தி பெறுவதற்கும் பாத்திரம் தன் ஆன்ம பலத்தில் ஒரு பங்கை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும். எதிரியின் மந்திரத்தைத் தாங்குவதற்கும் அதே பலம்தான் அவனிடம் இருக்கிறது. கொடுத்தால் அந்த அளவுக்கு அவன் பலவீனன். இங்கேயும் எண்கள்தாம். ஆனால் எண் இடம் மாறிவிட்டது. அங்கே அது தெய்வத்தின் உடம்பில் எழுதப்பட்டிருந்தது. இங்கே பக்தன் இழந்ததன் கணக்காக இருக்கிறது.

கதைகளையும் அவர் சும்மா விடவில்லை. புயல் தெய்வமான ஓர்லாந்த், சூரியச் சக்கரவர்த்தியான யெல்மைக் கொன்றுவிடுகிறான். உலகம் இருண்டு போகிறது. ஓர்லாந்தைக் கும்பிடும் மலைநாட்டார், கொடுங்கோலனைக் கொன்றான் என்கிறார்கள். யெல்மைக் கும்பிடும் சாம்ராஜ்யத்தார், கலகக்காரன் ஒருவன் செய்த மகாபாதகம் என்கிறார்கள். இத்துடன் நின்றிருந்தால் இது வெறும் கட்சி வாதம். ஓர்லாந்தின் கதையிலேயே, அவன் தன் செயலின் விளைவைப் பார்த்து, பாதாளத்துக்கு இறங்கிப் போய், தான் கொன்றவனிடமே பரிகாரம் தேடி அவனை மீட்டுக்கொண்டு வருகிறான். வெற்றியைக் கொண்டாடும் மக்களின் நெஞ்சுக்குள்ளேயே குற்றமும் உட்கார்ந்திருக்கிறது. இந்த மக்கள் பண்டிகை நாளில் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவதில்லை. அதற்குள் இறங்கி, தெய்வம் நடந்த வழியில் நடந்து பார்க்கிறார்கள். 1999-இல் வந்த 'கிங் ஆஃப் டிராகன் பாஸ்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்திலும் இந்தச் சடங்கு உண்டு. கதையை நன்றாகத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். தெரிந்தவனுக்கும் வழி தவறலாம், உடம்பு நொறுங்கித் திரும்பலாம்.

இந்த இடத்தில் விமர்சக நண்பர் ஒரு கேள்வி கேட்பார் என்று எனக்குத் தெரியும். நல்ல கேள்விதான். அந்த உலகத்தில் தெய்வம் கூப்பிட்டால் வருகிறது, கேட்டால் கொடுக்கிறது. அங்கே நம்பிக்கைக்கு என்ன வேலை? மின்சார வாரியத்தை யாராவது நம்புகிறார்களா, பில் கட்டுகிறார்கள் என்பார்.

இதற்கு இரண்டு பதில்கள். தெய்வம் உண்டா என்ற சந்தேகம் மத அனுபவத்தில் ஒரு வகைதான். தெய்வம் இருக்கிறது, எனக்கு நியாயம் செய்யவில்லையே என்ற புலம்பல் அதைவிடப் பழையது, அதைவிட ஆழமானது. யோபுவுக்குக் கடவுள் இருக்கிறாரா என்பது பிரச்னையாக இல்லை. இது ஸ்டாஃபோர்டின் தரப்பில் சொல்லக்கூடியது. இரண்டாவது பதிலை கீத் பேக்கர் 2004-இல் வெளியான எபரான் உலகத்தில் செய்து காட்டினார். அங்கே தெய்வங்கள் நேரில் வருவதில்லை. இருக்கின்றனவா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் பூசாரிகளின் மந்திரம் பலிக்கிறது. ஒன்றோடொன்று முரண்படும் மதங்களின் பூசாரிகள் எல்லோருக்கும் பலிக்கிறது. ஊழல் செய்கிற பூசாரிக்கும் பலிக்கிறது. ஆக, அற்புதம் எதையும் நிரூபிப்பதில்லை. அந்த உலகத்தில் வெள்ளிச் சுடரைக் கும்பிடும் திருச்சபை ஒன்று இருக்கிறது. தீமையிலிருந்து மக்களைக் காப்பது அதன் கடமை. ஓநாயாக உருமாறும் மனிதர்களை ஒழிக்கிறோம் என்று கிளம்பி, நிரபராதிகள் பலரையும் அது ஒரு காலத்தில் கொன்றிருக்கிறது. இன்று அந்தச் சபையில் உண்மையான பக்தியோடு இருக்கும் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுகிறவர், உங்கள் ஆட்கள் என் பாட்டனைக் கொன்றார்களே என்று ஒருவன் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அறுபது தெய்வங்களின் நிறமும் சின்னமும் இந்தக் கேள்விக்கு உதவாது.

விரிவு இருந்தால் போதும் என்கிற இளைஞருக்கு இனி. விரிவு என்றால் எம். ஏ. ஆர். பார்க்கரின் தேகுமெல்லைவிட விரிவானது இல்லை. மின்னெஸோட்டா பல்கலைக்கழகத்தில் உருதுவும் தெற்காசியாவும் கற்பித்த மொழியியலாளர். தான் கற்பனை செய்த நாட்டின் மொழிக்கு இலக்கணம் எழுதியவர். 1975-இல் அவருடைய 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' வெளிவந்தது. நிலைபேற்றின் தெய்வங்கள் ஐந்து, மாற்றத்தின் தெய்வங்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைத் தெய்வம். கோயில்கள் தெருவில் வெட்டிக்கொள்ளாமலிருக்க அவற்றுக்கிடையே ஓர் உடன்படிக்கை. அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்கள் பாத்திரம் ஏழை அந்நியனாகத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. ஊர் வழக்கம் தெரியாது, மீறினால் கழுமரம். ஒரு மதத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பார்க்கர் 2012-இல் இறந்தார். 1991-இல் புனைபெயரில் வெளிவந்த, நாஜிகளை உயர்த்திப் பிடிக்கும் ஒரு நாவலை எழுதியவர் அவர்தான் என்பதை, அவருடைய படைப்புகளைப் பராமரிக்கும் அமைப்பே 2022-இல் ஒப்புக்கொண்டது. இதைச் சொல்லி தேகுமெல்லை ஒரே வீச்சில் குப்பையில் போட்டுவிடும் சுலபமான காரியத்தை நான் செய்யப்போவதில்லை. ஆசிரியனின் அழுக்கைக் காட்டி நூலை முடித்துவிடுவது நம் வட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு நடந்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு தேகுமெல்லின் ஒரு விஷயத்தைத் திரும்பப் படித்தேன். அங்கே நன்மை தீமை என்ற அளவுகோல் கிடையாது. மேன்மையான செயல், இழிவான செயல் என்பதே உண்டு. தன் குலத்துக்கும் தன் நிலைக்கும் எது பொருந்துமோ அதைச் செய்கிறவன் மேன்மையானவன். வெளிநாட்டு ரசிகர்கள் இதை முதிர்ச்சியான, கிறிஸ்தவச் சாயல் இல்லாத அறம் என்று வியக்கிறார்கள். நமக்கு இந்த வாக்கியம் புதிதா? கீழே இருப்பவன் கீழேயே ஒழுங்காக இருந்தால் அதுவும் மேன்மை என்று நமக்கு எத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறார்கள்? அது மிக நம்பகமான மதம்தான். நாம் அதில் வாழ்ந்தே பார்த்திருக்கிறோம். அதைக் கீழேயிருந்து பார்க்கிற கண் அந்த அமைப்பில் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அக்கினித் தெய்வத்துக்குப் பலி உண்டு என்று விவரிக்கப்படுகிறது. பலியாகிறவன் முந்திய ராத்திரி என்ன நினைத்தான் என்பதற்கு அந்த விரிவில் இடமில்லை.

ஆக, நம்பகத்தன்மை என்பது பாதி வழிதான். உர்ஸுலா லெ குவின் 1971-இல் எழுதிய 'த டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' சிறிய நாவல். அதில் வரும் மதத்துக்குப் பெரிய புராணம் கிடையாது. பெயரில்லாத சக்திகள், பாலைவனத்தில் ஒரு கல்லறைத் திடல், நிலத்தடியில் இருட்டு. செத்துப்போன பூசாரிணியின் மறுபிறவி என்று ஒரு சிறுமியைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவருகிறார்கள். அவள் பெயரை அந்தச் சக்திகளுக்குப் பலியிட்டு, உண்ணப்பட்டவள் என்று வேறு பெயர் இடுகிறார்கள். அவள் அந்த இருட்டை நேசிக்கிறாள். அவளுடைய அதிகாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்த மதம் அவளைத் தின்றுகொண்டிருப்பதும் உண்மை, அதைவிட்டு வெளியே வருவது தோலை உரித்துக்கொள்வது போல என்பதும் உண்மை. ஒரு மதம் நம்பத்தக்கதாவதும் உண்மையாவதும் அந்த இடத்தில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆட்டம் செய்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதை.

அவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தெய்வத்தின் பெயரைக் கடைசியில் வையுங்கள். வாசலில் யாரை நிறுத்துகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். இந்த மதத்தால் யார் வயிறு நிறைகிறது, யாருடைய நெல் போகிறது என்று எழுதுங்கள். வேண்டுதல் பலிக்காத மறுநாள் காலையில் பக்தன் என்ன சொல்லிக்கொள்கிறான், பூசாரி என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள். ஒரே தெய்வத்தைக் கும்பிடும் இரண்டு கூட்டத்தார் எதற்காகத் தனித்தனியே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். இதனால் நொந்துபோயும் இதைவிட்டுப் போக முடியாத ஒருத்தியையாவது எழுதி, அவளை ஏற்று ஆட யாரையாவது உட்கார வையுங்கள். மேசையில் இருப்பவர் தனக்கு ஆதாயமான ஒன்றைச் செய்யாமல் ஒரு கணம் தயங்கி, "இதை நான் செய்யக்கூடாதே" என்றால், அங்கே ஒரு மதம் இருக்கிறது. பகடை உருட்டாமலே அது இருக்கிறது.

சிரித்த நண்பருக்குக் கடைசியாக ஒன்று. அவர் பாராட்டி எழுதிய சமீபத்து நாவல்கள் சிலவற்றில் சுடலைமாடனும் இசக்கியும் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? பக்கத்துக்குப் பக்கம் ஆயுதமும் ஆடையும் படையலும் வர்ணிக்கப்படுகின்றன, மண்ணின் மணம் என்று மதிப்புரையில் எழுத வசதியாக. எந்தப் பாத்திரமும் அந்தச் சாமிக்காக எதையும் இழப்பதில்லை. அந்தச் சாமியிடம் பயப்படுவதில்லை, கோபப்படுவதில்லை. சாமியைத் தூக்கிவிட்டால் கதையில் ஒரு நாற்காலிகூட நகராது. அமெரிக்கப் பையன்கள் 1980-இல் புள்ளி போட்டு அச்சிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் எண்ணையாவது வெளிப்படையாகப் போட்டார்கள்.

பொம்மைச் சாமி என்றார் நண்பர். களிமண்ணைப் பிசைந்து செய்தது எல்லாம் பொம்மைதான். குயவர் கண் திறந்துவிட்டபின், ஊர் அதற்கு முன்னால் எதையாவது விட்டுக்கொடுக்கத் தொடங்கும்போதுதான் அது சாமி. எங்கோ ஒரு மேசையில் ஸ்டாஃபோர்டின் ஆட்டக்காரர் ஒருவர், தன் ஹூமாக்டி செத்துக் கிடக்கும்போது, எழுப்பித் தருகிறேன் என்ற சகபாத்திரத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்பார். அது விளையாட்டுத்தான். அந்த அளவு கனமுள்ள ஒரு 'வேண்டாம்' நம் நாவல்களில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு நண்பர் மறுபடியும் சிரிக்கட்டும்.